கணுக்கால் உயரத்து ஜன்னல்கள்: கோஸ்போதினோவின் பல்கேரியா

மே 20, 2025, செவ்வாய் – சோஃபியா

விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திலிருந்து மெட்ரோ நேராக ஊருக்குள் போகிறது. கட்டணம் அப்போது 1.60 லெவா. லெவா பல்கேரியாவின் பழைய நாணயம், 2026 ஜனவரியிலிருந்து யூரோ. அன்றைய நிலவரத்தில் ஒரு லெவா ஏறக்குறைய 49 ரூபாய். வாசலில் டாக்ஸிக்காரர்கள் விடாமல் கூப்பிடுவார்கள், காது கேட்காத மாதிரி நடந்துவிடலாம். வங்கி அட்டையை மெட்ரோ கதவில் காட்டினால் திறந்துகொள்கிறது.

தலைநகரில் பெரும்பாலான பலகைகளில் ஆங்கிலமும் உண்டு. சிற்றூர்களில் பல்கேரிய எழுத்தான சிரிலிக் மட்டும்தான். மொத்தம் 30 எழுத்துகள், கிளம்புவதற்கு முன் இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் வந்துவிடும். தெரியாத எழுத்துகளால் தொல்லையில்லை, தெரிந்த முகத்தோடு வருகிறவைதான் கழுத்தறுக்கும். ஆங்கில ‘எச்’ போலிருப்பது ந. ‘சி’ போலிருப்பது ஸ. ‘எக்ஸ்’ போலிருப்பது ஹ. ‘ஒய்’ போலிருப்பது உ. உணவகத்தின் வாசலில் நின்றுகொண்டு ‘பெக்டோபாஹ்ட்’ என்று படித்துவிட்டு, ரெஸ்டாரண்டு எங்கே என்று தேடிய வெளிநாட்டுக்காரர்கள் நிறைய.

பயணத்துக்குக் காரணம் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி கோஸ்போதினோவ். ‘காலப் புகலிடம்’ நாவலுக்காக 2023இல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கியவர். பல்கேரிய மொழிப் புத்தகம் ஒன்றுக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. ஆனாலும் எழுத்தாளர் வீட்டைத் தேடிப் போகிற பயணம் இல்லை இது. மனிதர் ஐம்பத்தேழு வயதில் நன்றாக எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் வீட்டு வாசலில் போய் நிற்பது மரியாதையில்லை. அவர் புத்தகங்களில் வருகிற சாமான்கள், பழக்கங்கள், இடங்கள் எல்லாம் ஊரில் இன்னும் மிச்சமிருக்கின்றனவா என்று பார்த்துவரலாம், அவ்வளவுதான்.

முதல் நாளே ஒன்று அகப்பட்டது. நகரத்தின் நடுவே பழைய கட்டடங்களில், நடைபாதையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில் சின்ன ஜன்னல்கள். உள்ளே நிலவறை, அதில் கடை. சிகரெட், தண்ணீர், பீர், பிஸ்கட் எல்லாம் கிடைக்கும். 1989இல் பொதுவுடைமை ஆட்சி கவிழ்ந்த கையோடு தனியாரும் கடை போடலாம் என்று ஆனது. தெருவைப் பார்த்த அறைக்கு வாடகை கொடுக்க யாரிடம் காசு இருந்தது? நிலவறை இருந்தவர்கள் அதையே கடையாக்கினார்கள். வாங்குகிறவர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, குனிந்து பேச வேண்டும். முட்டிவலிக்காரர்கள் நின்றபடியே கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பதைக் கைகாட்டலாம், கடைக்காரரே எட்டிப் பார்த்து எடுத்துத் தருவார். சில்லறையைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. அரை லிட்டர் தண்ணீர் 1.50 லெவா. இப்போது இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கோஸ்போதினோவின் ‘துயரத்தின் இயற்பியல்’ படித்தவர்களுக்கு இந்த ஜன்னலை விட்டு நகர மனம் வராது. எழுபதுகளில் பாதி நிலத்துக்கடியில் இருக்கிற வீட்டில், பகலெல்லாம் தனியாக விடப்பட்ட ஒரு சிறுவன் தெருமட்டத்து ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்க்கிறான். தெரிவதெல்லாம் செருப்புகள், பூனைகள். அந்தச் சிறுவனுக்குக் கிரேக்கப் புராணத்து மினோட்டார் அரக்கனாகத் தெரியவில்லை, நிலவறையில் பூட்டப்பட்ட இன்னொரு குழந்தையாகத் தெரிகிறான். நாவல் முழுக்க அந்த ஒரு பார்வையின் மேல்தான் நிற்கிறது.

மே 21, புதன் – சோஃபியா

காலையில் கைப்பேசியைத் திறந்தால் நேற்றிரவு லண்டன் செய்தி: இந்த ஆண்டின் சர்வதேச புக்கர் கன்னடத்துக்கு. பானு முஷ்தாக்கின் சிறுகதைகள், ஆங்கிலத்தில் தீபா பஸ்தி. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு இந்தப் பரிசு கிடைப்பது இதுவே முதல் முறை. விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பக்கத்து மாநிலத்து மொழி என்று சொன்னதும், அதுவரை கல்லாக இருந்த முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் நீங்கள் இரண்டு வருடத்துக்குத் தூங்க மாட்டீர்கள், நாங்கள் தூங்கவில்லை” என்றார். இங்கே யாரும் முதல் பார்வையில் சிரிப்பதில்லை. அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அரைமணி நேரம் போனால் தானாக இளகிவிடுகிறார்கள்.

அந்தத் தூக்கமின்மைக்குக் காரணம் எண்ணிக்கை. 2021 கணக்கெடுப்பில் பல்கேரியாவின் மக்கள்தொகை சுமார் 65 லட்சம். எண்பதுகளின் இறுதியில் 90 லட்சத்தைத் தொட்ட நாடு இது, இளைஞர்கள் பாதிப் பேர் மேற்கே போய்விட்டார்களோ என்று தோன்றும். இவ்வளவு சிறிய மொழியிலிருந்து ஒரு நாவல் வெளியே போக நல்ல மொழிபெயர்ப்பாளர் அமைய வேண்டும். கோஸ்போதினோவுக்கு ஆஞ்செலா ரோடல் அமைந்தார். அமெரிக்கர், பல்கேரிய நாட்டுப்புறப் பாடலில் மயங்கி இங்கே வந்து தங்கிவிட்டவர். 50,000 பவுண்டு பரிசில் ஆளுக்குப் பாதி.

காலை உணவுக்குப் பனிட்சாவும் போசாவும். பனிட்சா என்பது காகிதம் போல மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே முட்டை, தயிர், உப்புப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டது. ஒரு துண்டு 2.50 லெவா. காலை ஒன்பதுக்குள் வாங்க வேண்டும். பத்தரைக்கு மேல் ஆறிப்போய் எண்ணெய் கீழே இறங்கிவிடும், நுண்ணலை அடுப்பில் சூடாக்கித் தந்தால் மாவு தோலாகிவிடும். போசா சிறுதானியத்தைப் புளிக்க வைத்த பழுப்பு நிறப் பானம், கூழை விடச் சற்று நீர்த்திருக்கும், இனிப்பு தூக்கலாக இருக்கும். பாட்டிலுக்குள்ளும் அது புளித்துக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் பையில் வைத்துச் சுமந்தால் மூடியைத் திறக்கும்போது சட்டை பாழ்.

சோஃபியா பல்கலைக்கழகத்தில் கோஸ்போதினோவ் படித்தது பல்கேரிய மொழியும் இலக்கியமும். நாவலாசிரியராக அறியப்படுகிறவர் என்றாலும் தொடங்கியது கவிதையில். 1992இல் வந்த ‘லாபிடாரியம்’ முதல் தொகுப்பு, முதல் நூலுக்கான தேசியப் பரிசை வாங்கியது. 1996இல் அடுத்த தொகுப்பு. இடையில் நண்பர்கள் மூவரோடு சேர்ந்து ஒரு குறும்பு: பள்ளிப் பாடநூல்களில் பல்லாண்டுகளாகப் பூசிக்கப்பட்டுவந்த பழைய கவிகளின் நடையில் தாங்களே கவிதை எழுதிப் போலித் தொகைநூல்கள் போட்டார்கள். ஒன்று 1995இல், இன்னொன்று 1998இல். பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். இலக்கிய வார இதழ் ஒன்றில் ஆசிரியர் குழு வேலை, அறிவியல் கழகத்தின் இலக்கிய நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு என்று பிழைப்பு ஓடியது. ஆய்வும் சும்மா இல்லை: சினிமாவும் வானொலியும் விளம்பரமும் நவீன கவிஞர்களுக்குள் எப்படிப் புகுந்தன என்பது. குப்பை, விளம்பரம், பட்டியல், காணாமல்போன சாமான் எல்லாம் நாவலுக்கான சரக்கு என்கிற எண்ணம் அங்கேயே முளைத்துவிட்டது.

1999இல் ‘இயற்கை நாவல்’. ஒரு மணவாழ்க்கை முறிகிற கதைதான். அதை நேராகச் சொல்ல முடியாமல் கதைசொல்லி ஈக்களைப் பற்றியும் கழிப்பறையின் வரலாற்றைப் பற்றியும் பேசிக்கொண்டு போகிறார், தொடக்கங்களை மட்டும் கோத்து ஒரு நாவல் செய்ய முடியுமா என்று பார்க்கிறார். ஈயின் கண்ணைப் போல ஆயிரம் முகப்பு. சொல்ல முடியாத வலி நடுவில் இருக்க, அதைச் சுற்றிச் சுற்றி வருகிற இந்த உத்தியைத்தான் பிறகு எல்லாப் புத்தகங்களிலும் கையாண்டார். வெறும் பின்நவீனத்துவ விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் அந்த வலியைக் கவனிக்கவில்லை.

மதியம் மழை. நகர மையத்தில் மஞ்சள் கற்கள் பதித்த சாலை உண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த கற்கள். நூறு வருடம் தேய்ந்த கல் நனைந்தால் எண்ணெய் தடவிய மாதிரி. ரப்பர் அடி தேய்ந்த செருப்போடு போகவே கூடாது. எங்கள் கண் முன்னால் ஒரு இளைஞர் சறுக்கி உட்கார்ந்தார். கடந்துபோன பாட்டி ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்து, இரண்டு நிமிடம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தச் சாலையோரம், பழைய அரண்மனைக்கு எதிரே, பூங்காவில் ஒரு வெற்றிடம். பல்கேரியப் பொதுவுடைமைத் தலைவர் கியோர்கி திமித்ரோவின் சமாதி மண்டபம் அங்கே இருந்தது. 1949இல் அந்தத் தலைவர் இறந்தபோது ஆறே நாளில் கட்டி, பதப்படுத்திய உடலை வைத்தார்கள். 1990இல் உடலை எடுத்து எரித்தார்கள். 1999 ஆகஸ்டில் கட்டடத்துக்கு வெடி வைத்தார்கள். ஒரே வெடியில் விழவில்லை, சாய்ந்து நின்றது, திரும்பத் திரும்ப வெடிக்க வேண்டியிருந்தது. ‘காலப் புகலிடம்’ நாவலில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் வாக்கெடுப்பு நடத்தி, எந்தப் பத்தாண்டுக்குத் திரும்பிப் போவது என்று தீர்மானிக்கின்றன. பல்கேரியாவில் சோஷலிச ஏக்கக் கட்சியும் தேசிய வீரர் கட்சியும் மோதிக்கொள்கின்றன. நாவல் வந்தது 2020இல். இந்த மாதம் 9ஆம் தேதி ஜனாதிபதி ருமென் ராடெவ் யூரோ நாணயத்துக்கு மாறுவது பற்றி மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார், நாடாளுமன்றத் தலைவர் அதை ஏற்கவில்லை. தேநீர்க்கடை, மெட்ரோ, எங்கே போனாலும் இதுதான் பேச்சு. பழைய லெவா போய்விடும் என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப்பேர் விலை ஏறும் என்று பயப்படுகிறார்கள், மீதிப்பேர் எதற்கு என்று தெரியாமல் வருத்தப்படுகிறார்கள்.

மே 22, வியாழன் – சோஃபியா

சோஷலிசக் கலை அருங்காட்சியகம். நகர மையத்திலிருந்து மெட்ரோவில் ஜி. எம். திமித்ரோவ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். அரசு அலுவலகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, இரண்டு முறை கடந்துபோய்த் திரும்பினால்தான் கண்ணில் படும். திங்கட்கிழமை விடுமுறை. 2011இல் திறந்தது. கட்சித் தலைமையகத்தின் உச்சியில் இருந்த பெரிய சிவப்பு நட்சத்திரம் வாசலிலேயே நிற்கிறது. தோட்டத்தில் எழுபதுக்கு மேல் சிலைகள்: லெனின், கூட்டுப்பண்ணைப் பெண்கள், துப்பாக்கிக்காரர்கள். ஒரு காலத்தில் நகரச் சதுக்கங்களை மிரட்டிய வெண்கலங்கள் புல்வெளியில் நெருக்கமாக, ஊர்வலத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லி மறந்துவிட்ட மாதிரி நிற்கின்றன. கிளம்புகிற வழியில் சோவியத் ராணுவ நினைவுச் சின்னத்தையும் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மேலிருந்த உருவங்களைப் பெயர்த்து இறக்கிவிட்டார்கள்.

ஆனால் கோஸ்போதினோவுக்குச் சிலைகளில் ஆர்வமில்லை. 2004இல் நண்பர்களோடு சேர்ந்து, சோஷலிசக் காலத்தில் தாங்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிச் சாதாரண மனிதர்கள் எழுதி அனுப்பலாம் என்று அழைப்பு விட்டார். கொள்கை வேண்டாம், சொந்த அனுபவம் போதும். வந்து குவிந்ததிலிருந்து தேர்ந்தெடுத்த 171 கதைகள் 2006இல் ‘நான் சோஷலிசத்தை வாழ்ந்தேன்’ என்று புத்தகமாயின. அதே ஆண்டு யானா கெனோவாவோடு சேர்ந்து ‘சோஷலிசத்தின் சரக்குப் பதிவேடு’: அந்தக் காலத்துச் சாக்லேட் உறை, சோப்பு, வானொலிப் பெட்டி, சிகரெட் என்று படத்தோடு பட்டியல்.

புக்கர் வாங்கிய நாவல் திடீரென்று உதித்ததாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டு நூல்களையும் பார்த்ததில்லை. ‘காலப் புகலிடத்தில்’ கௌஸ்டின் என்கிற ஆள் சூரிச் நகரில் மறதி நோயாளிகளுக்கு மருத்துவமனை திறக்கிறான், மாடிக்கு ஒரு பத்தாண்டு. அந்தந்தக் காலத்துச் சாமான்களோடு அறை, அந்தக் காலத்துச் செய்தித்தாள், அந்தக் காலத்துச் சிகரெட் நாற்றம். அந்த அறைகளுக்குச் சாமான் எங்கிருந்து வந்தது? பதிவேட்டிலிருந்து. கௌஸ்டினும் புதிய ஆள் இல்லை, இவருடைய முந்தைய எழுத்துகளிலேயே அலைந்துகொண்டிருந்தவன்.

நாவலின் மிகச் சிறந்த பகுதி நினைவிழந்த ‘திரு. என்’ கதை. அவருக்குத் தன் இளமை எதுவுமே நினைவில்லை. வருடக்கணக்காக அவரை வேவு பார்த்த ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் முதுமையில் வந்து உட்கார்ந்து, அவருடைய வாழ்க்கையை அவருக்கே சொல்கிறார்: எந்தக் கோட்டு போட்டிருந்தார், எந்தப் பெண்ணைச் சந்திக்கப் போனார். தன்னை வேட்டையாடியவனே தன் ஒரே நினைவுக் களஞ்சியம். இதை ஒரு கட்டுரையாக எழுதியிருந்தால் ஆயிரம் பக்கம் போயிருக்கும்.

அதே நாவலில் நாடு நாடாக வாக்கெடுப்பு முடிவைச் சொல்கிற பகுதி இழுவை. ஸ்வீடன் எந்தக் காலத்தைத் தேர்ந்தது, ஸ்பெயின் எதைத் தேர்ந்தது என்று செய்தி அறிக்கை மாதிரி போகிறது. அங்கே பத்திருபது பக்கம் வேகமாகப் புரட்டினால் குற்றமில்லை, பல்கேரியா அத்தியாயத்தில் நாவல் மறுபடி உயிர்பெற்றுவிடும்.

மாலையில் பிளோவ்திவுக்கு ரயில். தண்டவாளப் பணி என்று வழியில் நிறுத்தி நிறுத்திப் போனது, வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம்.

மே 23, வெள்ளி – பிளோவ்திவ், யம்போல்

பிளோவ்திவில் அரைநாள். ரோமானிய அரங்கமும் கல் பாவிய பழைய ஊரும் எல்லாப் பயணக் கையேட்டிலும் இருப்பதால் விட்டுவிடலாம். ‘துயரத்தின் இயற்பியல்’ (2011), ‘காலப் புகலிடம்’, கடந்த ஆண்டின் ‘மரணமும் தோட்டக்காரரும்’ எல்லாவற்றையும் பதிப்பித்த ‘ஜானெட் 45’ இந்த ஊர்ப் பதிப்பகம். பல்கேரிய மொழிப் பிரதி இருபது லெவாவை ஒட்டி. நூல்களுக்கு மதிப்புக்கூட்டு வரி மற்ற சரக்குகளைப் போல 20 விழுக்காடு இல்லை, 9 விழுக்காடு. கடைக்காரரிடம் கோஸ்போதினோவ் என்று சொன்னால் எந்தப் புத்தகம் என்று கேட்க மாட்டார், நேராக அலமாரியைக் காட்டுவார்.

ஒரு எச்சரிக்கை. இங்கே தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’. பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆமாம்’. நம் ஊர்ப் பக்கவாட்டு ஆட்டலோடு போகிறவர்களுக்கு வசதி என்று நினைப்போம். சிக்கல் என்னவென்றால், வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் சிலர் நமக்காக மாற்றி ஆட்டுவார்கள். அப்புறம் எது எதுவென்று இருவருக்குமே தெரியாது. தலையை நம்பாமல் ‘தா’ (ஆமாம்), ‘நே’ (இல்லை) என்று வாயால் சொல்லி, வாயால் கேட்டுக்கொள்வதே பிழைக்கும் வழி. பக்கத்து மேசைக்காரர் ‘இறைச்சி இல்லையே?’ என்று கேட்டு, பணியாளரின் தலையசைப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு, குடல் சூப்பை வாங்கிவிட்டார். ஷ்கெம்பே சோர்பா என்று பெயர். பூண்டு ஊறிய வினிகரும் மிளகாய்த் தூளும் தாராளமாகப் போட்டுக் குடிக்க வேண்டியது. சைவக்காரர்கள் தாரதோர் (தயிர், வெள்ளரி, பூண்டு, வால்நட் சேர்த்த குளிர்ந்த சூப்), ஷோப்ஸ்கா சாலட் (தக்காளி, வெள்ளரிக்கு மேல் துருவிய பாலாடைக்கட்டி, 9 லெவாவிலிருந்து) என்று பெயர் சொல்லிக் கேட்டால் வயிறு வாடாது.

பிற்பகல் ரயிலில் யம்போல். கருங்கடல் பர்காஸுக்குப் போகிற பாதை, வெளியே சமவெளி, கோதுமை, அங்கங்கே நாரைக் கூடுகள். துன்ஜா ஆற்றங்கரை ஊர். 1968 ஜனவரி 7 அன்று கோஸ்போதினோவ் பிறந்தது இங்கேதான். சுற்றுலாப் பயணி இறங்க மாட்டார். அவசியம் பார்க்க வேண்டியது ஒட்டோமான் காலத்துக் கல் சந்தை, பெசிஸ்டென். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, வெயிலில் உள்ளே நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கிறது.

இவ்வளவு தூங்குமூஞ்சி ஊரிலிருந்து இப்படி ஒரு எழுத்தாளரா என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. 1922இல் இதே யம்போலில் ‘கிரெஷெண்டோ’ என்ற இதழ் வந்தது, பல்கேரிய நவீனத்துவத்தின் மிகத் துணிச்சலான இதழ்களில் ஒன்று. 1926இல் ‘கவிஞர்களை எதிர்த்துப் போராடும் சங்கம்’ என்று ஒரு அறிக்கை விட்டதும் இந்த ஊர்க்காரர்கள்தான். போலித் தொகைநூல் போட்ட குறும்பு எங்கிருந்து வந்தது என்று இங்கே புரிகிறது.

மாலையில் தெருக்களில் நடந்தபோது கவனித்தது, கதவுகளிலும் மரங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டியிருக்கும் காகிதங்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிதான், அளவு மட்டும் ஒரு தாள். மேலே புகைப்படம், கறுப்புக் கரை, சிலுவை. முஸ்லிம் குடும்பங்களில் பச்சைக் கரை. இறந்த அன்று ஒட்டுவதோடு முடிவதில்லை: நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஒட்டுகிறார்கள். பழையதைக் கிழிக்க மாட்டார்கள், மழையும் வெயிலும் கிழிக்கட்டும் என்று விடுகிறார்கள். ஒரு பச்சைக் கதவில் ஒரே கிழவியின் முகம் மூன்று தாளில், மூன்று விதமாக வெளுத்து. அடியில் இருந்ததில் கண்கள் மட்டும் மிச்சம்.

மே 24, சனி – யம்போல்

இன்று சிரில், மெதோதி என்ற இரு சகோதரப் புனிதர்களின் நாள், பல்கேரிய எழுத்தின் நாள். பொது விடுமுறை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்லாவிய மொழிக்கு எழுத்து வகுத்தவர்கள் அந்தச் சகோதரர்கள். இன்றைய சிரிலிக் அவர்களுடைய சீடர்களின் மரபில் பல்கேரியாவில் உருவானது. 2007இல் இந்த நாடு சேர்ந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் மூன்றாவது எழுத்துமுறை ஆனது. எழுத்துக்கு இவ்வளவு பெரிய திருவிழா எடுக்கிற நாடுகள் அதிகம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பூவளையம் சூட்டிய சகோதரர்களின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள், முன்னால் பித்தளை வாத்தியம். 1892இல் ஸ்தோயான் மிஹைலோவ்ஸ்கி எழுதிய பாடலை எல்லா வயதுக்காரர்களும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். ஒரு தாத்தா வரிகளை மறந்த இடத்தில் பேத்தி எடுத்துக் கொடுத்தாள்.

புக்கர் அறிவிப்பு வந்தது 2023 மே 23 இரவு. லண்டனில் இரவு பத்து மணியை ஒட்டி, அப்போது பல்கேரியாவில் இரண்டு மணி நேரம் கூடுதல். அதாவது செய்தி ஊருக்கு வந்து சேரும்போது எழுத்தின் நாள் பிறந்துவிட்டது. மேடையிலேயே கோஸ்போதினோவ் இதைச் சொன்னார். இந்தத் தேதிப் பொருத்தம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த ஊர்வலங்களில் அவர் பெயர் இவ்வளவு அடிபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்கு முன்பே சுவிட்சர்லாந்தின் யான் மிகால்ஸ்கி (2016), போலந்தின் ஆங்கெலுஸ் (2019), இத்தாலியின் ஐரோப்பிய ஸ்த்ரேகா (2021) எல்லாம் வாங்கியிருந்தார். வெளியே அதிகம் கொண்டாடியதும் முதலில் கொண்டாடியதும் போலந்தும் இத்தாலியும் ஜெர்மனியும்தான், ஆங்கில உலகம் கடைசியாக வந்து சேர்ந்தது.

‘துயரத்தின் இயற்பியல்’ எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 2010இல், லண்டன் வார இதழ் ஒன்று வருமானத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே மிகச் சோகமான இடம் பல்கேரியா என்று எழுதியது. இவர் அதை எடுத்து நாவலுக்குள்ளேயே வைத்துவிட்டார். அந்தச் சோகத்தில் ஒரு துளி சொன்னால் போதும்: பஞ்சகாலத்தில் மாவு மில்லுக்கு வந்த ஒரு தாய், மூன்று வயதுப் பையனை அங்கேயே மறந்துவிட்டு வண்டியேறிவிடுகிறாள். கவனித்துவிட்டும் ஒரு கணம் தயங்குகிறாள், ஒரு வாய் குறையுமே. அக்கா ஒருத்திதான் இறங்கித் திரும்ப ஓடிவருகிறாள். அந்தப் பையன் கதைசொல்லியின் தாத்தா. தாத்தாவின் நினைவுக்குள் பேரன் புகுந்து பார்க்கிற அந்த நாவல்தான் என் கணக்கில் இவருடைய சாதனை.

சந்தையில் கூட்டம் மலர்க்கடைகளில் மட்டும் இல்லை, நாற்றுக் கடைகளிலும். தக்காளி நாற்று ஒன்று 50 ஸ்தோதிங்கி, அதாவது அரை லெவா. மிளகாய், கத்தரி நாற்றும் உண்டு. இரவு உறைபனி நின்றபின் நடவேண்டும் என்பதால் மே மாதம் முழுக்க இதுதான் வியாபாரம். விற்கிற பெரியவர் ஈரச் செய்தித்தாளில் வேரைச் சுற்றிக் கொடுத்து, சாயங்காலம்தான் நட வேண்டும், பகலில் நட்டால் துவண்டுவிடும், தண்டு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்று, வாங்காதவர்களுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ‘மரணமும் தோட்டக்காரரும்’ இப்படிப்பட்ட ஒரு தந்தையைப் பற்றியது. புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் தோட்டக்காரத் தந்தையின் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான். மினோட்டார் இல்லை, கௌஸ்டின் இல்லை, வேடிக்கை இல்லை. ஈக்கண் நாவலாசிரியர் முதல் தடவையாகச் சுற்றிவளைக்காமல் சொன்ன புத்தகம்.

இரவு தூக்கம் போனது. பள்ளி முடித்த பிள்ளைகளின் விருந்துக் காலம் இது. கார் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, ஹாரன் அடித்தபடி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூவி எண்ணிக்கொண்டே ஊரைச் சுற்றுகிறார்கள், பன்னிரண்டு வகுப்பும் முடித்ததற்காக. சாலைப் பக்கத்து அறை எடுக்க வேண்டாம், பின்பக்க அறை கேளுங்கள். காதடைப்பான் உதவாது, முயன்று பார்த்தவர்கள் சொன்னது.

மே 25, ஞாயிறு – ரயிலில்

திரும்புகிற ரயிலில் இடமில்லை. விடுமுறை சனிக்கிழமையில் வந்ததால் நாளை திங்களும் விடுமுறை, கடற்கரையிலிருந்து திரும்புகிற கூட்டம். நீண்ட வார இறுதியில் இருக்கை முன்பதிவு செய்யாமல் ஏறினால் தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதுதான். ஜன்னல் திறக்காத பெட்டி, குளிர்சாதனம் ஓடவில்லை. ஸ்தாரா ஸகோராவில் இறங்கிய குடும்பம் எங்களுக்கு இடத்தைக் காட்டிவிட்டு, தின்னச் செர்ரிப் பழமும் கொடுத்துவிட்டுப் போனது.

நின்றுகொண்டே படிக்க ஏற்றது இவருடைய ‘குருட்டு வைஷா’ சிறுகதை, சில பக்கம்தான். வைஷா என்ற பெண்ணின் இடது கண்ணுக்கு இறந்தகாலம் மட்டும் தெரியும், வலது கண்ணுக்கு எதிர்காலம் மட்டும். நடப்பது எதுவும் தெரியாது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவன் ஒரு கண்ணில் குழந்தை, ஒரு கண்ணில் கிழவன். தியோதோர் உஷேவ் இதை 2016இல் அசைபடமாக்கினார், அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பிறகு அவரே ‘துயரத்தின் இயற்பியலையும்’ உருகிய மெழுகு வண்ணத்தில் அசைபடமாக்கினார்.

மே 26, திங்கள் – சோஃபியா

எதிர்பார்த்தபடி பாதி ஊர் மூடியிருக்கிறது. நூலகம், அலுவலகங்கள், சில புத்தகக் கடைகள் எதுவும் இல்லை. பேரங்காடிப் புத்தகக் கடைகள் மட்டும் திறந்திருந்தன. மத்திய கனிமக் குளியலகத்துக்குப் பக்கத்துக் குழாய்களில் வெந்நீர் ஊற்று இலவசமாகக் கொட்டுகிறது, ஊர்க்காரர்கள் ஐந்து லிட்டர் கேன்களோடு வரிசையில் நிற்கிறார்கள். பிடித்துக் குடிக்கலாம், லேசாகச் சூடாக இருக்கும். பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு: புக்கர் முத்திரையைப் பார்த்து ‘காலப் புகலிடத்தில்’ குதிக்காதீர்கள். முதலில் ‘குருட்டு வைஷா’ இருக்கும் சிறுகதைத் தொகுப்பு, ஒரு மாலையில் முடியும். பிறகு ‘துயரத்தின் இயற்பியல்’, ஆங்கிலத்தில் 2015இல் வந்தது, ஆஞ்செலா ரோடல் மொழிபெயர்ப்பு. அதில் பட்டியல்களும் குறிப்புகளும் நடுநடுவே வரும், தாண்டாதீர்கள், கதை அவற்றில்தான் மறைந்திருக்கிறது. மூன்றாவதாகக் ‘காலப் புகலிடம்’. ‘இயற்கை நாவல்’ பொறுமை உள்ளவர்களுக்கு, அதையும் மணமுறிவு நேரத்தில் படிக்க வேண்டாம். தோட்டக்காரரைப் பற்றிய புத்தகத்துக்கு முன்னால் எதையும் படித்திருக்கத் தேவையில்லை.

விமான நிலையத்துக்கு மெட்ரோ, அதே 1.60 லெவா. கையில் மிச்சமிருந்த நாணயங்களுக்குக் கடைசியாக ஒரு போசா வாங்கினோம். மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும்.